மூன்றாவது அம்பயர்

8 ஜூன் 2023, வியாழன்

இன்றும் வாழைத்தாரோடு சண்டை. டெஸ்ட் இறுதிப் போட்டியில் நம் பவுலர்கள்தான் சரியில்லை என்கிறார் அவர். பீல்டிங்தான் மோசம் என்கிறேன் நான். வாழைத்தார் என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறாராம். இணையத் தளம் ஒன்றின் நெல்லைக் கிரிக்கெட் குழுவில்தான் எங்கள் சண்டை. அங்கே என் பெயர் மூன்றாவது அம்பயர். "ஒமக்குக் கண்ணு எங்கவே இருக்கு?" என்று கடைசியில் எழுதியிருந்தார். நான் சிரித்த சிரிப்பில் உம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"யாருகூட பிள்ளே இந்த மல்லுக்கு நிக்கே?"

பத்தொன்பது வயதில் காய்ச்சல் வந்து எனக்குக் கண் போனது. குழுவில் ஒருவருக்கும் அது தெரியாது. பெண் என்பதும் தெரியாது. மேலப்பாளையத்தில் நான் 'பாவம் ரைஹானத்'. குழுவில் மட்டும்தான் வாயாடி.

10 ஜூன்

வெளியாட்கள் செய்த செயலிகளையெல்லாம் இந்த மாதத்தோடு நிறுத்தப் போகிறார்களாம், தளக்காரர்கள். என்னுடையதும் அதில் ஒன்று. கண் தெரியாதவர்களுக்காகவே யாரோ ஒரு புண்ணியவான் செய்தது. ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டும். தளத்தின் சொந்தச் செயலியை இறக்கிப் பார்த்தேன். "பொத்தான். பொத்தான். பெயரில்லாத பொத்தான்." எவ்வளவு தடவியும் ஒரு வரி வாசிக்கவில்லை. போனைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம்போல இருந்தது. எனக்குன்னு இருந்ததே ஒரு இடம் — ஒரே ஒரு இடம் — அதுவும் பொறுக்கலியா?

14 ஜூன்

கண் தெரியாது என்பதைச் சொல்லாமலே குழுவை விட்டுப் போய்விடலாமா? சொன்னால் பிறகு யார் என்னோடு சண்டை போடுவார்கள்? எதற்கும் "நீங்க சொன்னா சரி" என்பார்கள். அதற்குக் காணாமல் போவதே மேல்.

19 ஜூன்

சொல்லிவிட்டேன். செயலி நிறுத்தத்தை எதிர்த்துக் குழுவில் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அதற்கு வாழைத்தார், "வெளிச் செயலி போனா போவட்டும்வே. சொந்தச் செயலிய எறக்கிக்கிடும். எதுக்கு இந்தக் கூப்பாடு?" என்று எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. "இறக்கிவிட்டேன். அது எனக்கு வாசிக்காது. எனக்குக் கண் தெரியாது. என் பெயர் ரைஹானத். இந்த மாதத்துக்குப் பிறகு வர மாட்டேன். இத்தனை நாள் சண்டை போட்டதற்கு நன்றி."

அனுப்பியதும் போனை அணைத்துவிட்டேன்.

20 ஜூன்

காலையில் வாழைத்தார் எழுதியிருந்தார். "அன்னிக்குக் கண்ணு எங்கன்னு கேட்டுட்டேனே. மன்னிச்சிரும்மா." அதற்குக் கீழே இன்னொன்று. "நம்ம அம்பயர் நுழைய முடியாத கிரவுண்டு நமக்கெதுக்கு? நான் கெளம்புதேன். வாரவுக வாங்க."

செயலியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

30 ஜூன்

குழுவில் பாதிப் பேருக்கு மேல் கிளம்பி வந்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் புதுக் குழு. எழுதக் கூடாது, பேசித்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்காக.

இத்தனை நாளும் எல்லோரும் எனக்கு ஒரே இயந்திரக் குரல். வாழைத்தாரும் அதே பெண்குரல், ஏரல்காரர் கிருபைராஜும் அதே பெண்குரல். இன்று வாழைத்தார், "நான் பெருமாள்ராஜ்" என்றார். கரகரத்த தொண்டை, பின்னால் லாரி ஹாரன். கிருபைராஜுக்கு இவ்வளவு மெல்லிய குரலா! நேற்றைய பெருநாள் கறியை உம்மா சூடு பண்ணித் தந்தாள். ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் யார் இவர்களுக்கு? அல்லாஹ் எல்லாரையும் நல்லா வைக்கட்டும்.

6 ஜூலை

பயந்தது நடந்துவிட்டது. எதைச் சொன்னாலும் சரி என்கிறார்கள். வேண்டுமென்றே அபத்தமாக ஒன்று சொல்லிப் பார்த்தேன், புதுப் பந்துக்கு ஸ்லிப்பே வேண்டாம் என்று. "அதுவும் சரிதான் மேடம்," என்றார் கிருபைராஜ். பெருமாள்ராஜ் தொண்டையைச் செருமினதோடு சரி. எனக்காக வந்தவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் உப்பில்லாத சோறு.

10 ஜூலை

நம்மூர் மைதானத்தில் ஆட்டம். டிவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கீப்பர் கேட்ச் கேட்டார், அம்பயர் கொடுக்கவில்லை. மட்டையில் பட்ட சத்தம் என் காதில் தெளிவாக விழுந்தது. அவுட்தான் என்று பேசி அனுப்பினேன். "நீங்க சொன்னா சரிதான் மேடம்," என்றார் கிருபைராஜ்.

அப்புறம் பெருமாள்ராஜ்.

"என்னத்தச் சரி? கிழிச்சுது! அது கால்பேடுல பட்ட சத்தம்வே. மட்டைக்கும் பந்துக்கும் நடுவுல ஒரு லாரியே போவும். பத்து நாளா வாயப் பொத்திட்டு இருக்கேன், இனி நம்மளால ஆவாது. மூணாவது அம்பயராம், அம்பயரு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு பதில் அனுப்பினேன். "ஒம்ம காதுல பஞ்ச வச்சிருக்கீரா?"

உம்மா எட்டிப் பார்த்தாள். "யாரு பிள்ளே, பழைய ஆளா?"

"ஆமா உம்மா."

11 ஜூலை

மறு ஒளிபரப்பில் வர்ணனையாளர் சொன்னார். மட்டையில் படவே இல்லை. பேடுதான்.

அல்ஹம்துலில்லாஹ். குழுவில் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.