அக்கா கேட்ட ஹோஸ்டிங்

மார்ச் 14, சனி. இரவு 11.40. அழிந்த பின்னூட்டங்கள்: 312.

விழுந்துகிடந்த அக்காவின் சமையல் வலைப்பூவை மூன்று நாள் கழித்து இன்றுதான் எழுப்பினேன். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அப்டேட் வழியாக எவனோ நுழைந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டான். பதிவுகள் அவள் லேப்டாப்பில் இருந்தன. பின்னூட்டங்கள் இல்லை. பேக்கப்பையும் அதே சர்வரில் வைத்திருந்தேன், அதுவும் போய்விட்டது. நெட்வொர்க் படித்தவன் செய்கிற வேலையா இது?

அக்கா வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். அவருக்கு ஏற்ற சமையலைத்தான் அவள் எழுதுகிறாள். பதிவுக்குக் கீழே மற்ற நோயாளிகளின் வீட்டார் சொல்லும் யோசனைகளைப் பார்த்துத்தான் தினமும் சமைக்கிறாள்.

போன வருசமே, கம்பெனிக்காரர்களே தளத்தைப் பராமரித்துத் தரும் ஹோஸ்டிங் வாங்கலாமா என்று கேட்டாள். "வெட்டிச் செலவுதான்க்கா, நான் இருக்கேன்ல" என்றேன். தளம் விழுந்தபோது நான் லூமுட் துறைமுகத்தில் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். ஆறு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

இன்று திட்டக்கூட இல்லை.

"காசு கொடுத்து வாங்குனா, கூப்பிட்டா அவங்க எடுப்பாங்களா தம்பி?"

"சாட்லதான்க்கா. ஆனா உடனே பதில் வரும்."

"அப்ப உன்னைவிடத் தேவலாம் லா."

எனக்கு அது இன்னமும் வெட்டிச் செலவுதான். அவளுக்கு இல்லை. இது போன வருசமே உறைத்திருக்க வேண்டும்.

1. காலையில் அதை வாங்குவது. என் காசு, அவள் பெயர்.
2. அவர்கள் எடுக்கும் பேக்கப்பை ஒரு தடவை மீட்டுப் பார்ப்பது. வாய்ப்பேச்சை நம்பக்கூடாது.
3. ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் அக்காவுக்கு ஈமெயில் வந்திருக்கும். 312-ஐயும் அதிலிருந்து எடுத்து நானே திரும்பப் போடுவது. பொட்டாசியம் குறைய உருளைக்கிழங்கை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டச் சொன்ன, செமோர் ஊர்க்கார அம்மாவிலிருந்து ஆரம்பம்.