முதல் பரிசு, ஒரு மான் துப்பாக்கி

பிட்ஸ்பர்க்,
பிப்ரவரி 6

அன்புத் தம்பி வெர்னுக்கு,

அக்கா மார்லா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை நீ பாதியில் கீழே போட்டாலும் மீதி அங்கேயேதான் கிடக்கும்.

டெஸ்ஸாவுக்குக் குண்டுக் காயம் ஆறிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இன்னும் வரவில்லை. வரும் என்கிறார் ஒரு மருத்துவர். இன்னொருவர் வாயைத் திறப்பதே இல்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு இந்த மருத்துவமனையில் மறுபடி முதலிலிருந்து உட்காரச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சாய்ந்து விழும்போதெல்லாம் அவள் கெட்ட வார்த்தை சொல்கிறாள். பயிற்சி கொடுக்கும் அம்மாளுக்கு அது பிடித்திருக்கிறது. 'திட்டு, நல்லாத் திட்டு, வயித்துத் தசைக்கு நல்லது' என்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் பக்கத்து வீட்டு டோரிஸ் ஒரு வாழ்த்து அட்டைக்குள் வைத்துப் பரிசுச்சீட்டுக் கட்டு ஒன்றை அனுப்பியிருக்கிறாள். நம் தீயணைப்புப் படை நடத்தும் குலுக்கல். 'டெஸ்ஸாவின் சிகிச்சைக்காக' என்று மேலே என் மகள் பெயர், அவளுடைய பள்ளிக்கூடத்துப் படம். அதற்குக் கீழே, 'முதல் பரிசு: மான் வேட்டைத் துப்பாக்கி, தொலைநோக்கியுடன்.' படைத் தலைவர் என்று அடியில் உன் கையெழுத்து.

வெர்ன், அச்சடிக்கும்போது ஒருவனுக்குக்கூடவா உறைக்கவில்லை? கூரை ஒழுகினாலும் துப்பாக்கிக் குலுக்கல், யாருக்காவது புற்றுநோய் வந்தாலும் துப்பாக்கிக் குலுக்கல் என்று பழகிப்போன ஊர், தெரியும். நானும் அந்தச் சீட்டுகளை விற்றவள்தான். ஆனால் சுடப்பட்ட பெண்ணுக்காகவுமா? டோரிஸுக்குப் போன் செய்தால் அவள் பூரித்துப்போய்ப் பேசுகிறாள்: 'நம்ம புள்ளைக்காக ஊரே அடிச்சுப் புடிச்சு வாங்குது மார்லா, இந்த மாதிரி ஒரு வருஷமும் போனதில்ல.' அவள் கெட்டவள் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

டெஸ்ஸா சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். 'அம்மா, எனக்கே விழுந்துட்டா என்ன பண்றது? சக்கர நாற்காலில மாட்டி வெச்சுக்கலாமா?' என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அன்றைக்கு முழுதும் அவள் எதுவும் சாப்பிடவில்லை.

நம் ஊரில் நடந்ததை யாரும் முழு வாக்கியமாகச் சொல்வதில்லை. 'நவம்பர்ல நடந்தது' என்கிறார்கள், ஏதோ பனி கொட்டியதுபோல. நான் முழுதாக எழுதுகிறேன், உட்கார்ந்து படி. மான் வேட்டையின் முதல் நாள் காலை, தீயணைப்புக் கூடத்தில் வழக்கமான வேட்டைக்காரர் விருந்து. என் மகள் பான்கேக் பரிமாறிக்கொண்டிருந்தாள். உன் நண்பன் ரஸ்ஸின் மகன் டஸ்டின் உள்ளே வந்து, தன் மான் துப்பாக்கியால் ஐந்து பேரைக் கொன்றான். டெஸ்ஸாவை முதுகில் சுட்டான். கூடம் நிறைய வேட்டைக்காரர்கள். எல்லோருடைய துப்பாக்கியும் வெளியே வண்டியில் இருந்தது.

அந்தத் துப்பாக்கி உன் பெட்டகத்தில் இருந்தது, வெர்ன். ஆகஸ்டில் டஸ்டின் வீட்டுச் சன்னல்களை உடைத்து, எல்லோரையும் முடித்துவிடுவேன் என்று கத்தியபோது, ரஸ் பயந்துபோய் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் உன்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தான். நீயும் வாங்கிப் பூட்டினாய். நல்ல காரியம், நானே பாராட்டினேன். வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் பையன் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியுமாக உன் வாசலில் வந்து நின்றான். 'நாளைக்கு வேட்டையோட முதல் நாள், வெர்ன் அங்கிள்' என்றான். நீ எடுத்துக் கொடுத்தாய். ரஸ்ஸுக்கு ஒரு போன் போடவில்லை. முதல் நாளன்று ஒரு பையனை வீட்டில் உட்கார வைக்க நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. பள்ளிக்கூடத்தையே மூடிவிடுகிற ஊரல்லவா.

இதைப் போலீஸிடம் நீயே சொன்னாய். ஊருக்கும் தெரியும். தெரியாதவள் டெஸ்ஸா ஒருத்திதான். 'மாமா ஏன் வரவே மாட்டேங்கறார்?' என்று கேட்கிறாள். மாமாவுக்கு வேலை என்கிறேன்.

வரும் இருபதாம் தேதி ஹாரிஸ்பர்க்கில் சட்டமன்றக் குழு கூடுகிறது. பிறர் கொடுத்த துப்பாக்கியைக் காவல் வைத்திருப்பவர், நீதிபதி சொல்லாமல் திருப்பித் தரக்கூடாது என்ற மசோதா. பேசுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. எதிர்த்துப் பேசுகிறவர்களில் முதல் பெயர் உன்னுடையது.

உனக்கு வெட்கமே இல்லையா? உன் கருத்தை மாற்று என்று நான் கேட்கவில்லை. மசோதாவை வேண்டுமானால் கிழித்துப் போடு. ஆனால் பேசுவதற்கு முன், துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தவன் நீ என்று அந்த மைக்கில் சொல்லிவிட்டுப் பேசு. குலுக்கலிலிருந்து என் மகள் பெயரை எடு.

இப்படிக்கு,
உன் அக்கா மார்லா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

வெர்ன் எழுதுவது. கடிதம் வந்தது. முழுதும் படித்தேன்.

குலுக்கல் விஷயம் முடிந்தது. முதல் பரிசை மாற்றிவிட்டோம், இப்போது இறைச்சி சுடும் அடுப்பு. டோரிஸ் அழுதாள். விற்ற சீட்டில் பாதியை வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், உனக்குத் தெரியட்டும்.

மற்றது பற்றி. நான் பேசத்தான் போகிறேன். அந்த ஐந்து பேரில் மூன்று பேர் என் படைக்காரர்கள். சவப்பெட்டி தூக்கியவன் நான். எனக்கு வலி இல்லை என்று நினைக்காதே. ஆனால் சுட்டவன் டஸ்டின். துப்பாக்கி தானாக நடந்து வரவில்லை. நான் கொடுக்காவிட்டால் அவன் வேறு யாரிடமாவது வாங்கியிருப்பான், நம் ஊரில் துப்பாக்கி இல்லாத வீடு எது? போலீஸ் என்னை மூன்று தடவை விசாரித்தது. சட்டப்படி நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். பட்டணத்துக்காரன் வந்து ஒரு சட்டம் போட்டால், நாளைக்கு ரஸ் மாதிரி ஒருவன் பயந்து வந்து நிற்கும்போது எவனும் வாங்கிப் பூட்ட மாட்டான். அதை யாராவது சொல்ல வேண்டும்.

டெஸ்ஸாவுக்கு என் அன்பைச் சொல். வராததற்குக் காரணம் வேலை இல்லை, அது உனக்கே தெரியும்.

வெர்ன்


பிட்ஸ்பர்க்,
பிப்ரவரி 22

அன்புத் தம்பிக்கு,

ஹாரிஸ்பர்க்கிலிருந்து நீ யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாய். வாகன நிறுத்துமிடத்தில் உன்னைத் தேடினேன். அதற்குள் உன் வண்டி போயிருந்தது.

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒரே வரிதான். சட்டப்படி நீ ஒரு தப்பும் செய்யவில்லை, என் ஆத்திரமே அதுதான். அந்த வரியைத்தான் குழுவின் முன் நான் பேசினேன். எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அழுதே வீணாக்கினேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

நீ பேசும்போது உனக்குப் பின்வரிசையில் இருந்தேன். எழுதி வந்ததை நன்றாகத்தான் படித்தாய். அண்டை வீட்டான், நம்பிக்கை, பெட்டகம், எல்லாம் கைதட்டலோடு போனது. எனக்குப் பக்கத்தில் ஒருவன் 'போடு, சரியாச் சொன்னான்யா' என்றான். அவன் மூக்கில் குத்தலாமா என்று பார்த்தேன். அப்போது அந்தக் கண்ணாடி போட்ட அம்மாள், உறுப்பினர், சும்மா ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்: பையன் கைக்குத் துப்பாக்கி எப்படிப் போனது?

குடும்ப நண்பர் ஒருவர் மூலம் என்று நீ சொல்லியிருக்கலாம். பத்திரிகைகளில் அப்படித்தானே வந்தது. உன் பின்கழுத்து சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதத்தை மடித்தாய். 'நான் எடுத்துக் குடுத்தேன்மா. அவங்கப்பனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், போடல. நாளைக்கு முதல் நாளாச்சேன்னு குடுத்துட்டேன்' என்றாய். பிறகு தலைவர் உன் துணிச்சலுக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். துணிச்சலாம்! ஐந்து சாவுக்கு ஒரு நன்றி, அடுத்த ஆள். மசோதாவைக் கோடைக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவிட்டார்கள். அவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. உண்மையைச் சொன்னதற்கு யாருக்கும் பதக்கம் தருகிற நிலையில் நான் இல்லை. ஆனால் நீ எழுந்து போனபோது நாற்காலிகளின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு போனாய், கிழவனைப்போல. சாப்பிடுகிறாயா? தனியாக இருக்கும் வீட்டில் அந்தப் பெட்டகம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே சாவியைக் கொண்டுபோய் டோரிஸிடம் கொடு. காரணம் கேட்காதே. கொடுத்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு. இந்த முறை போடு.

இன்னொன்று. கூட்டத்தை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. டெஸ்ஸா படுக்கையில் இருந்தபடி முழுதும் பார்த்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நேற்று முழுதும் என்னோடும் பேசவில்லை. மாமாவுக்கு வேலை என்று பொய் சொன்னவள் நான்தானே.

இன்று காலை பேசினாள். 'மாமாவ வரச் சொல்லு' என்றாள். எதற்கு என்றேன். 'திட்டணும்' என்றாள். போன் போட்டுத் தருகிறேன், திட்டு என்றேன். 'போன்ல முடியாது. அவர் வைச்சுடுவார். என் எதிர்ல உக்காரணும். நானும் உக்காந்துக்கிட்டுத்தான் திட்டணும், படுத்துக்கிட்டு இல்ல' என்றாள்.

அதனால் வா, வெர்ன். பூங்கொத்து வேண்டாம். பேசுவதற்கு எதையும் எழுதி வராதே. வாங்கிக்கொள்ள வேண்டியதை வாங்கிக்கொள், குறுக்கே ஒரு வார்த்தை பேசாதே. பிடிமானம் இல்லாமல் அவளால் இப்போது கால் மணி நேரம் உட்கார முடிகிறது. அவ்வளவையும் உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

பனி கொட்டுகிறது, மெதுவாக ஓட்டு. உயிரோடு வந்து சேர்.

அக்கா மார்லா