உன் அம்மாவுக்கு நான் தண்ணீர் கொடுக்காத மத்தியானம்

அன்பு மகள் பிரைடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். இருவரும் நலம் என்று எழுத முடிகிறதே, அதுவே எனக்குப் போதும். அங்கே பெர்கனில் பனி விட்டதா, உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, எல்லாவற்றையும் எழுது. இங்கே மழையைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிறது, மேற்குப் பக்கத்து மேய்ச்சலில் புல் என்று சொல்ல ஒன்றும் இல்லை, வாங்கிப்போட்ட வைக்கோலில்தான் ஆடுகளின் பிழைப்பு ஓடுகிறது. உன் கோரல் பெரியம்மா என்னோடு பேசுவதில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா உன்னிடம், "ஓட்டம் நல்லாத்தான் போச்சுடி, வயிறு சரியில்ல, பாதியில நிறுத்திட்டேன்" என்று சொன்னாள் அல்லவா, நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அது பாதி உண்மைகூட இல்லை. உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அடுத்த மாதம் நீ மொராக்கோ பாலைவனத்தில் ஓடப்போவதாக இல்லாவிட்டால் நானும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அவள் பிறந்த நாளுக்கு நீ அனுப்பினாயே அந்த ஹைட்ரேஷன் வெஸ்ட், அது வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அதன் ராஜ்ஜியம்தான். முதுகில் தண்ணீர்ப் பையும் தோள் வழியாக வாய்க்கு வரும் குழாயுமாக, கோழிக்குத் தீனி போடப் போனாலும் அதை மாட்டிக்கொண்டு சப்பிக்கொண்டே போவாள். "பால்குடி மறக்காத கன்னுக்குட்டி மாதிரி இருக்க லோர்னா" என்று நான் கிண்டல் செய்தால், "நீ பியர் குடிக்கிற வேகத்துக்கு நான் தண்ணி குடிச்சா உனக்கென்னய்யா" என்பாள். முன்பெல்லாம் கையில் ஒரு பாட்டிலோடு ஓடுவாள், அது தீர்ந்தால் வழியில் தண்ணீர் வைத்திருக்கும் அடுத்த முகாம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு போவாள். இப்போது குழாய் வாய்க்குப் பக்கத்திலேயே தொங்குகிறது, தாகம் என்று ஒன்று வரவே வழியில்லை. நீயும் போனில், "தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிச்சுடும்மா" என்று சொல்லியிருந்தாய். இந்த நெடுந்தூர ஓட்டத்தன்று வெயில் கொளுத்தப்போகிறது என்று ரேடியோவில் வேறு பயமுறுத்திவிட்டார்கள். முந்தின நாளிலிருந்தே குடிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் கோரலும் வண்டியை எடுத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போய்க் காத்திருந்தோம். ஒவ்வொன்றிலும் பை காலியாகி வந்தாள், ஒவ்வொன்றிலும் வழிய வழிய நிரப்பி அனுப்பினோம். நன்றாகக் குடிக்கிறாள், கவலையில்லை என்று கோரலும் நானும் பேசிக்கொண்டோம்.

கடைசிக்கு முந்தின முகாம் ஹாக்கர் ஊருக்கு வடக்கே, அந்த வறண்ட ஓடையில் பெரிய யூகலிப்டஸ் மரங்கள் நிற்கும் இடத்தில். உச்சி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் வரவேண்டியவர்கள் எல்லாம் வந்து போனபிறகு, குடிகாரனைப்போல் இரண்டு பக்கமும் தள்ளாடிக்கொண்டு வந்தாள். வந்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். என்னைப் பார்த்து, "கம்பளி வெட்றவங்களுக்கு டீ குடுத்தாச்சா?" என்று கேட்டாள். அங்கே கம்பளி வெட்டுகிறவர்கள் யாரும் இல்லை. கோரல், "பாத்துக்கிட்டு நிக்கிறியே, உடம்புல சொட்டுத் தண்ணியில்லாமத்தான் உளர்றா, குடு அவளுக்கு" என்று கத்தினாள். நான் பாட்டிலைத் திறந்து அவள் வாயருகே கொண்டுபோனேன். முதலுதவிக்கு நின்ற நெரிடா என்ற பெண் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க, குடுக்காதீங்க. இவங்க கைய முதல்ல பாருங்க" என்றாள். பார்த்தேன். கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்து விரல் நீலம் பாய்ந்திருந்தது. "மத்தவங்க வரும்போது வெஸ்ட் தொளதொளன்னு ஆடுது, மூஞ்சி வத்திக் கிடக்குது. இவங்களுக்குப் பட்டை மார்ல வெட்டுது, கண்ணு கன்னமெல்லாம் உப்பியிருக்கு. தண்ணி குறைஞ்ச மாதிரி தெரியல எனக்கு, கூடிப்போன மாதிரி இருக்கு. அப்படி இருந்தா ரத்தத்துல உப்பு நீர்த்துப்போயி மூளை வீங்கிடும், இன்னும் குடுத்தா ஆபத்து" என்றாள். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டேன். "நிச்சயமாத் தெரியாது. அப்படித்தான்னு தோணுது" என்றாள். முடிவிடத்தில் இருந்த டாக்டரை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள். அவரும் எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள், ஆம்புலன்ஸ் வருகிறது என்றார். எந்தச் சாலையில் வரும் என்று உனக்கே தெரியும், ஓடைக்கு ஓடை இறங்கி ஏறி வரவேண்டிய மண்சாலை.

அந்த ஆம்புலன்ஸ் வரும்வரை நான் பட்டதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அம்மா கெஞ்ச ஆரம்பித்தாள். "ராஸ், ஒரு வாய் குடு. ஒரே வாய். நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்?" என்றாள். வெஸ்ட்டைக் கழற்றப் போனால் குழாயை வாயில் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். கோரல் என் முதுகில் அடித்தபடியே, "மனுஷனாய்யா நீ? கட்டின பொண்டாட்டி தாகத்துல சாகறா, அந்தச் சின்னப்பொண்ணு பேச்சைக் கேட்டுக்கிட்டு நிக்கிறியே" என்றாள். ஓட்டத்தைப் பாதியில் விட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருவன்கூடத் தன் பாட்டிலை நீட்டினான். வெயில் அந்த ஓடையில் அடுப்புப்போல் எரிந்தது. நெரிடா தப்பாக நினைத்திருந்தால் என் கண்முன்னாலேயே, என் கையாலேயே உன் அம்மா தாகத்தில் சாகப்போகிறாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான், தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாடி உடைந்துபோன அந்த வருஷத்துக் கன்றுகள் நினைவுக்கு வந்தன. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், உனக்கும் நினைவிருக்கும். தொட்டி வறண்டு தவித்திருந்த கன்றுகள், காற்றாடியைச் சரிசெய்ததும் முட்டி மோதிக் குடித்தன, குடித்துவிட்டுச் சுற்றிச்சுற்றி நடந்து விழுந்து காலை உதைத்துக்கொண்டு செத்தன. தண்ணீர் குடித்துச் சாகுமா என்று அன்று நான் நம்பவில்லை. உன் அம்மா அந்தக் கன்றுகள் பார்த்தமாதிரியே என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். நான் வெஸ்ட்டைப் பிடுங்கி, பையைத் திறந்து, அவள் பார்க்கப் பார்க்க முழுத் தண்ணீரையும் மணலில் கொட்டினேன். அவள் ஊளையிட்டதுபோல் ஒரு சத்தம் போட்டாள். கோரல் என் கன்னத்தில் அறைந்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு வலிப்பு வந்தது. நெரிடா அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தாள், நான் தலையைப் பிடித்துக்கொண்டு, செய்தது சரியா தப்பா என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தேன்.

ஆம்புலன்சில் வந்தவர்கள் ரத்தத்தைச் சோதித்துவிட்டு நரம்பில் கெட்டியான உப்புநீரை ஏற்றினார்கள். போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரியில் அம்மா கண் விழிக்க மறுநாள் ஆயிற்று. இன்னும் ஒரு பாட்டில் உள்ளே போயிருந்தால் விழித்திருக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னார். கோரலுக்கும் அதைச் சொன்னார்கள். அவள் என்னிடம் வந்து, "நீ செஞ்சது சரிதான். ஆனா கொட்டும்போது உன் மூஞ்சி இருந்ததே, அத மறக்க முடியல ராஸ்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், இன்றுவரை பேச்சில்லை. எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. உன்மேல்தான் முதல் இரண்டு நாள் கோபம் இருந்தது, மறைக்கமாட்டேன். அந்த வெஸ்ட்டைப் பெட்டிக்குள் போட்டுத் திருப்பி அனுப்பவே நினைத்தேன். பிறகு அது போய்விட்டது. அம்மாவிடம் அன்பு வைத்து நீ அனுப்பிய பொருள் அது. அது தண்ணீரைச் சுமந்தது, அவ்வளவுதான். அம்மா நடமாடுகிறாள், தலைவலி குறைந்திருக்கிறது, பெயர்கள் மட்டும் சிலநேரம் மறந்துபோகின்றன. ஓட்டத்தில் நடந்த எதுவும் அவளுக்கு நினைவில்லை, என்னிடம் தண்ணீர் கேட்டதும் நான் கொடுக்காததும் மட்டும் நினைவிருக்கிறது. கடையில் எல்லோரிடமும், "இந்தாளு எனக்குத் தண்ணி குடுக்கமாட்டேன்னுட்டாரு" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். நானும் சிரிக்கிறேன். ஆனால் வீட்டில் அவள் டம்ளரைத் தேடிச் சமையலறைப் பக்கம் திரும்பினால் போதும், நான் எழுந்து ஓடிப்போய்க் கொண்டுவந்து கையில் கொடுக்கிறேன்.

உன்னை ஓடாதே என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை, அம்மாவின் பெண்தானே. தாகம் எடுத்தால் குடி, எடுக்காவிட்டால் குழாயைத் தொடாதே. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. போகப்போக வெஸ்ட் தொளதொளவென்று ஆகவேண்டும், இறுகினால் உடனே நின்று யாரிடமாவது சொல்லிவிடு. தலை கனத்து வாந்தி வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நல்ல மனதோடுதான் தண்ணீர் நீட்டுவார்கள், நீ கெஞ்சினால் இரக்கப்பட்டு இன்னும் கொடுப்பார்கள். உன்னிடமிருந்து அதைப் பிடுங்கி மணலில் கொட்ட அங்கே அப்பா இருக்கமாட்டேன் பிரைடி.

நீ நல்லபடியாக ஓடி, நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று உன்னை மனதார ஆசீர்வதிக்கிறேன். அம்மாவுக்கு நான் எழுதியது தெரியவேண்டாம், போனில் பேசும்போது வயிறு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். ஓடி முடித்த அன்றே, எத்தனை மணியானாலும், ஒரு வார்த்தை போன் செய்துவிடு.

உன் அன்பு அப்பா,
ராஸ்