வெள்ளை விழுந்த கிளை

மார்ச் 3

வேலை முடிந்து கால்வாய் ஓரமாக நடந்தேன். கூட வரச்சொல்லி என் கணவரைக் கூப்பிட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கவாதம் வந்த பிறகு கால் ஓரளவு தேறிவிட்டது, நாக்குதான் குழறுகிறது. யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று வாசலைத் தாண்டுவதில்லை. பஸ் ஓட்டின காலத்தில் பயணிகளை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்த வாய்.

பாலத்தருகே தானாக முளைத்த ஒரு காட்டத்தி மரம். அதில் ஒரே ஒரு கிளையில் மட்டும் இலையெல்லாம் வெள்ளை தெறித்திருந்தது. என் சலவைக்கடைப் புத்தி — எவனோ பிளீச்சிங் தண்ணீரை ஊற்றிவிட்டான் என்று நினைத்தேன்.

மார்ச் 5

ஊற்றினதில்லை. இன்று விரிந்த தளிரிலும் வெள்ளை இருக்கிறது. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. ஓர் இலை நடு நரம்போடு பிரிந்து பாதி பச்சை, பாதி பால். இன்னொன்றில் ஓரம் மட்டும் வெண்ணெய் நிறம். எத்தனையோ துணி பார்த்த கண், இப்படி ஒரு வேலைப்பாடு பார்த்ததில்லை. வெள்ளை வழியாக வெயில் இறங்கியபோது அப்படியே நின்றுவிட்டேன்.

மார்ச் 6

பள்ளியில் உயிரியல் பாடம் நடத்தும் மகளிடம் போனில் கேட்டேன்.

"நோயெல்லாம் இல்லம்மா. அந்தக் கிளை தானா மாறியிருக்கு. வெள்ளை இடத்துக்குச் சாப்பாடு செய்ய வராது. பச்சைதான் அதுக்கும் சேர்த்துச் செய்யுது."

இவரிடம் சொன்னேன். "பொய்" என்றார்.

"வந்து பாருங்க."

போர்வையை இழுத்துக்கொண்டார். ஓர் இலையைப் பறித்து வந்து காட்டியிருக்கலாம். மனசு வரவில்லை.

மார்ச் 9

தானே செருப்பைத் தேடினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு பாலம் வரை வந்தார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "யா... யாரு பெயின்ட் அடிச்சா?" என்றார். சிரித்துவிட்டேன். அவரும்.

மார்ச் 14

இப்போது தினமும் இருவரும்.

மார்ச் 20

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. மின்சார ஆபீஸ் ஆட்கள் மரத்தில் ஏணி சாத்தியிருந்தார்கள். கிளை கம்பியில் உரசுதாம். "சீக்குப் புடிச்ச கிளைம்மா, போகட்டும்" என்று மேலே நின்ற லைன்மேன் அரிவாளை ஓங்கிவிட்டார்.

இவர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "சீ... சீக்கு இல்ல தம்பி. நுனிய மட்டும் வெட்டு" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

நான் எடுத்துச் சொல்ல வாய் திறந்தேன். என் கையை அழுத்தி நிறுத்திவிட்டு, முதலிலிருந்து முழுசாக இவரே சொன்னார். லைன்மேன் காத்திருந்து கேட்டார். கம்பியைத் தொட்ட நுனி மட்டும் போனது. வெட்டுவாயில் பால் வடிந்தது. கிளை நிற்கிறது.

ஏப்ரல் 2

எனக்குக் காய்ச்சல். இவர் மட்டும் நடக்கப் போனார். தெருவிளக்கு எரிந்தும் ஆளைக் காணோம். பயந்து ஜன்னலுக்கு வந்தால், தெருமுனையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கூப்பிடவில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.