லீவு போடாததற்கு ஒரு குக்கர்

என் பாப்பாவுக்கு,

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மாதாமாதம் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோதெல்லாம், ஒரு நாளும் லீவு போடாததற்குக் கம்பெனி எனக்குக் கொடுத்த குக்கரைக் காட்டி, "நானும் வலியோடதானே வேலைக்குப் போய்க்கினு இருக்கேன்?" என்று அடக்கினேன்.

நீ அடங்கவில்லை. தனியாகத் திருவள்ளூர் போய், "மாத்திர போட்டும் நிக்கல, காலேஜுக்கே போவ முடியல" என்று டாக்டரிடம் சொல்லி, அது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற சதை வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் என்று தெரிந்துகொண்டு, மருந்தோடு வந்தாய்.

இன்று கேன்டீனில் எல்லாரிடமும் சொன்னேன்: "எம் பொண்ணுக்கு இன்னா தைரியம் தெரியுமா!"

வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீயும் கூட வா. எனக்கு எத்தனை வருடமாக வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால், நீயே சொல்லிவிடு. என் வாய் பழக்கத்தில் "ஒண்ணுமில்ல" என்றுவிடும்.

உன்னால் தலைநிமிர்ந்து நடக்கும்
அம்மா