ராணியின் கையில் நான் ஒட்டிய பிளாஸ்டர்

ஜூன் 3, செவ்வாய்

விடியும்போது மழை இல்லை. ஆறு மணிக்கே பால் வெட்டப் போனோம். மேல் மலை, பழைய ரப்பர் மரங்கள், தரையெல்லாம் வழுக்கல்.

எட்டு மணி இருக்கும். ராணி ஓடி வந்தாள். சொந்த நாத்தனார், லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா, ஆனால் தண்ணிக் குழாய்ச் சண்டைக்குப் பிறகு ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள். இன்றைக்கு நேரே என்னிடம்தான் வந்தாள். கத்தி வழுக்கி இடது கையில் இறங்கியிருந்தது. ஆள்காட்டி விரலின் அடியில். சின்ன வெட்டு, ஆனால் ஆழம்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போகவா?"

"இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? கைய நீட்டு."

போத்தல் தண்ணீரில் கழுவினேன். மரத்தில் கட்டிய சிரட்டையிலிருந்து இரண்டு சொட்டு ரப்பர் பால். காய்ந்ததும் தோல் மாதிரி மூடிக்கொள்ளும். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பிளாஸ்டர்.

"உள்ளுக்குக் குத்துது அண்ணி."

"வெட்டுப்பட்டா குத்தாம பூவா மணக்கும்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மலையில் எனக்கு டாக்டரம்மா என்று பேர். பாதி கேலி, பாதி நிஜம். எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது, வெளியில் சொல்வதில்லை.

அவளுடைய கத்தியையும் நானே தூக்கி வந்தேன். தீட்டி வைக்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

வெயில். ராணியும் அவள் புருஷன் சிவாவும் அரநாயக்க போனார்கள். சிவாவின் அக்கா மகளுக்குச் சடங்கு. போகும்போது வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன் அண்ணி" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு சொல்லிக்கொண்டு போகிறாள். எனக்குச் சந்தோஷம். "நாலு நாளைக்குப் பிரிச்சுப் பாக்காத" என்று சொல்லி அனுப்பினேன்.

யட்டியாந்தோட்டைக் கடைக்குப் போனேன். வாங்கியது: சவர்க்காரம், தேங்காய் 2, கருவாடு, பிளாஸ்டர் பத்து.

கடையில் நான் பிளாஸ்டர் கேட்க, பக்கத்தில் ஒரு பெரியவர் பிளாஸ்திரி கேட்க, ஒரு சிங்களப் பெண் பெலஸ்தரய கேட்க, கடைக்கார நானா மூன்று பேருக்கும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர், இவர், "ஒட்டு" என்பார். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் சின்னதுகள் "ஸ்டிக்கர்" என்று கேட்டு, காயமே இல்லாத முழங்காலில் ஒட்டிக்கொள்ளும். நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்த ஒன்றையும் பார்த்தேன்.

ஜூன் 5, வியாழன்

நாள் முழுக்க மழை. வேலை இல்லை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகல்.

மத்தியானம் ராணி போனில் பேசினாள். விரல் வீங்கியிருக்கிறதாம், மடக்க முடியவில்லையாம். "சடங்கு வீட்டுல பாத்திரம் தேய்ச்சியா? கைய ஒசத்தி வச்சிட்டு சும்மா இரு" என்றேன். சரி அண்ணி என்றாள். எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவள், சரி என்றாள். அதுதான் ஆச்சரியம்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் கத்தி தீட்ட உட்கார்ந்தேன். முதலில் என்னுடையது. பிறகு ராணியுடையது. நுனி இல்லை. அரை அரிசி அளவு துண்டு உடைந்து போயிருக்கிறது. உடைந்த இடம் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்தது.

உள்ளுக்குக் குத்துது என்று சொன்னாளே.

மரத்தில் பால் வடிகிற தகரத்தில் பட்டு உடைந்திருக்கலாம். கல்லில் விழுந்து உடைந்திருக்கலாம். போன வாரமே உடைந்திருக்கலாம். இப்படியே சொல்லிக்கொண்டு மலைக்குப் போனேன், வெட்டினேன், பால் ஊற்றினேன், வந்தேன், சோறு ஆக்கினேன். காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. இதை எழுதத்தான் வேண்டும்.

ஐந்து மணிக்கு இவரிடம் கத்தியைக் காட்டினேன். இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப பாத்த?"

"காலையில."

இவர் கத்தியைக் கீழே வைத்தார். போனை எடுத்தார். சிக்னல் இல்லை. சடங்கு வீடு மலைக்குள், மழை வேறு. எட்டுத் தரம் அடித்தோம். ஆறரைக்கு சிவா எடுத்தான்.

"அக்கா, நானே எடுக்கலாம்னு இருந்தேன். காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது. கையில செவப்பா ஒரு கோடு மேல ஏறுது."

"இப்பவே கொண்டு போ. உள்ள கத்தித் துண்டு இருக்கு. மொதல்ல அதச் சொல்லு. ரப்பர் பால் ஊத்தி மூடியிருக்குன்னும் சொல்லு."

"கத்தித் துண்டா? யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன். போ சிவா."

சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். கும்பிடத் தைரியம் வரவில்லை.

ஜூன் 7, சனி

அங்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, விடிந்ததும் கரவனெல்லை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாங்கள் முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம்.

கை முழங்கை வரை வீக்கம். விரல் கொழுக்கட்டை மாதிரி. எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதுதான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பிளாஸ்டரை எடுத்து, அடியில் இருந்த ரப்பர்ச் சவ்வை இடுக்கியால் தூக்கினார். சீழ் வந்தது. நாற்றம்.

"மேகட மொனவத தெம்மே?"

இதற்கு என்ன போட்டாய் என்று ராணியைக் கேட்டார். ராணி என்னைப் பார்க்காமல், ரப்பர் பால், தானே போட்டுக்கொண்டதாகச் சிங்களத்தில் சொன்னாள்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறேன். சும்மா இருந்திருக்கலாம். யார் போட்டது என்று சிவாவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"மம தமய் தெம்மே" என்றேன். நான்தான் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்றதும் நான்தான்.

டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. சிவா வெளியே போய்விட்டான்.

பதினொரு மணிக்கு ஆபரேஷனுக்குக் கொண்டு போனார்கள். ஒன்றரைக்கு வெளியே. துண்டு எடுத்தாயிற்று, சீழ் கழுவியாயிற்று, உயிருக்குப் பயமில்லை. விரல் மடங்குமா? நரம்பு கெட்டிருக்கிறதாம். கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியுமாம்.

ராணிக்கு முப்பத்தொரு வயசு.

ஜூன் 8, ஞாயிறு

தூறல். ராணிக்கு ரசம் சோறு கொண்டு போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். சிவா வாசலிலேயே கூடையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டான்.

சாயங்காலம் கடைசிக் காம்பரா செல்லம்மா விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தேங்காய் உடைத்தபோது சிரட்டை கீறியதாம்.

"டாக்டரம்மா, ஒரு பிளாஸ்டர் குடு."

சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பவும் பார்த்தேன். "உள்ளுக்குக் குத்துதா?" என்று நாலு தரம் கேட்டேன். பிளாஸ்டரை உரித்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன், ஒட்ட முடியவில்லை.

"நாளைக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில காட்டு."

"இந்தக் கீறலுக்கா? ஒனக்கு என்னாச்சு?"

பிளாஸ்டரைப் பிடுங்கித் தானே ஒட்டிக்கொண்டு போனாள்.

ஜூன் 11, புதன்

காய்ச்சல் விட்டது. ராணி கஞ்சி குடித்தாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் கையைப் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அடுத்த கட்டில் கிழவியின் மருமகளைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம்.

திங்கட்கிழமை கட்டுப் பிரிப்பார்கள்.

இவருக்கு இருமல். கிணற்றடியில் பாசி, தேய்க்க வேண்டும். எதைச் செய்தாலும் என் ஆள்காட்டி விரலை மடக்கி மடக்கிப் பார்க்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

வெயில். கட்டுப் பிரித்தார்கள். தையல் நன்றாக இருக்கிறதாம்.

"மடக்குங்க" என்றார் டாக்டர், தமிழிலேயே.

சுண்டு விரல் மடங்கியது. மோதிர விரல். நடு விரல், பாதி. ஆள்காட்டி விரல் அப்படியே நேராக நின்றது. ராணி பல்லைக் கடித்தாள், நெற்றி வியர்த்தது. அசையவில்லை. பயிற்சி செய்தால் கொஞ்சம் வரலாம், பழைய மாதிரி வராது என்றார். பால்வெட்டு இனிமேல் கஷ்டம்.

சிவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அழுதேன். இவர் என் தோளைத் தொட்டார், தள்ளிவிட்டேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது ராணி தலை சீவ முயன்றாள். ஒரு கையால் முடியைப் பிரிக்க முடிந்தது, பின்ன முடியவில்லை. இரண்டு தரம் செய்து பார்த்துவிட்டு சீப்பை என்னிடம் நீட்டினாள்.

"இனிமே நீங்கதான் பின்னணும் அண்ணி. தெனமும்."

கேட்கிறாளா, தண்டனை சொல்கிறாளா, தெரியவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னினேன். பின்னல் அவிழ்ந்துகொண்டே இருந்தது.

"இறுக்கிப் பின்னுங்க" என்றாள்.