உனக்கு மஞ்சள் காமாலை இல்லை

மாப்ள,

என் கட்டைவிரல் பச்சையாக இருக்கிறது. காலமெல்லாம் மையில் அமுக்கிக் கைநாட்டு வைத்த அதே விரல். இப்போது ஒட்டியிருப்பது பள்ளிக்கூடத்துப் பெயிண்ட். பக்கத்தில் ஒரு கீழாநெல்லிக் கொத்து கிடக்கிறது. பார்த்து வரைவதற்காக வரப்பிலிருந்து பிடுங்கி வந்தேன். வாடிவிட்டது. அந்தப் பச்சை வாசனை மட்டும் போகவில்லை. அதுதான் உனக்கு எழுத உட்கார வைத்தது.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! நீ நம்ப மாட்டாய். சாயங்கால வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு வாய் வெற்றிலையே போட்டு முடித்துவிடலாம். போன மாதம் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசை யாரையும் கேட்காமல் நானே படித்தேன். மனநல விழிப்புணர்வு ஓவியப் போட்டி. எந்த வயதுக்காரரும் வரலாம். மனதுக்கு வரும் நோயை மறைக்க வேண்டாம். அந்தக் கடைசி வரியில் என் சந்தோஷம் அப்படியே அடங்கிவிட்டது. நானே எழுத்துக்கூட்டிப் படித்த முதல் நோட்டீஸ், என்னைத்தான் கேட்டது போல இருந்தது.

ஏழு வருஷம் முந்திய அந்தச் சம்பா. ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தார்கள். நம் இருவர் வயலுக்கும் ஒரே வாய்க்கால். நீ வரவில்லையே என்று வீட்டுக்குள் வந்து பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய்.

"காய்ச்சலாடா?"

"இல்ல மாப்ள. தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. எந்திரிக்கத்தான் தோணல."

பத்து நாள் ஆகியும் அதேதான். சோறு இறங்கவில்லை. உன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். "அப்பனுக்கு மனசு சரியில்லன்னு தெரிஞ்சா பொண்ண யாருடா கட்டுவா?" என்று பயந்தாய். அன்றே கடைத்தெருவில் விசாரித்தவர்களிடம் சொல்லிவிட்டேன்: "அவனுக்கு மஞ்சக்காமாலை."

நல்ல பொய் என்றுதான் நினைத்தேன். ஊரே கீழாநெல்லியோடு வந்தது. உன் வாசலில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. தங்கச்சி, உன் வீட்டுக்காரிதான், அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தது. இல்லாத நோய்க்கு அந்தக் கசப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தாய்.

"இதக் குடிச்சுக் குடிச்சே எனக்கு நெசமாவே காமாலை வந்துரும்டா" என்றாய் ஒருநாள். இரண்டு பேரும் சிரித்தோம். நீ சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நர்ஸம்மா வந்து, "பெரியாஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போங்க" என்றார்கள். "காமாலைக்கு நாட்டு மருந்துதாங்க" என்று திருப்பி அனுப்பியவன் நான். உன் வயலுக்கும் நானே மடை திறந்தேன், உரம் போட்டேன். பயிர் நன்றாக நின்றதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கதிர் பால் பிடிக்கும்போது நீ உருகிப் போய்ச் சேர்ந்துவிட்டாய். காமாலை கொண்டுபோய்விட்டது என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

இப்போது போட்டிக்குப் படம் போட்டேன். ஒரு வீடு, வாசல் நிறையக் கீழாநெல்லி, உள்ளே கட்டிலில் நீ. கீழே உண்மையை எழுத ஆசை. ஆனால் அது உன் வீட்டு விஷயமும்தானே? சுருட்டி எடுத்துக்கொண்டு தங்கச்சியிடம் போனேன். விரித்துக் காட்டினேன். அது குனிந்து பார்த்தது.

"என்னண்ணே, வாசலப் பாத்துப் படுக்க வச்சிருக்கீங்க? அவரு சுவத்தப் பாத்துல்ல படுத்திருந்தாரு?"

"மாத்திடுறேம்மா. கீழ உள்ளத எழுதட்டுமா?"

"எழுதுங்க. பொண்ணுக்கு ரெண்டு புள்ளையாச்சு, இனிமே என்ன? நா மோர் கலக்குனதையும் போடுங்க. தெரிஞ்சுதான கலக்குனேன்."

உன்னைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். கட்டிலடியில் ஒரு டம்ளர் வரைந்தேன். கீழே எழுதினேன்: இவனுக்கு மஞ்சள் காமாலை இல்லை. மனதில்தான் நோய். நான் மறைத்தேன். அதன் கீழே கைநாட்டு இல்லை, கையெழுத்து.

பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் எல்லாப் படங்களையும் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மளிகைக்கடை பாய் என் படத்தின் முன்னால் வந்து நின்றார். அன்றைக்கு முதல் கட்டு கீழாநெல்லி கொண்டுவந்தவர் அவர்தான். மெதுவாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏங்க, எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? என் வேனு கடை வாசல்லதான நின்னுச்சு. அரை மணி நேரத்துல தஞ்சாவூரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை.

வகுப்பில் எனக்குப் பின்னால் உட்காரும் பெண் ஒருத்தி, கூட்டம் கலைந்த பிறகு கிட்டே வந்தாள். "மாமா, எங்க வீட்டுக்காரரும் இப்புடித்தான் படுத்திருக்காரு. கேக்குறவங்ககிட்ட முதுகுவலின்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். பாய் இன்னும் படத்தின் முன்னால்தான் நின்றார்.

"பாய், வேன் இருக்கா?"

நாளைக் காலையில் எட்டு மணிக்குப் போகிறோம். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது என்ன செய்கிறது என்று கேட்பார்கள். அவள் வாயில் முதுகுவலி என்று வந்துவிடாமல் இருக்கத்தான் நானும் கூடப் போகிறேன்.

அரை மணி நேரம், மாப்ள. உனக்கும் அவ்வளவு தூரம்தான் இருந்தது.